கோணல் இடியாப்பம்

சம்பந்தம்: உட்காருய்யா. பால் ஊத்தட்டுமா?

நெய்னா: இரு... இப்பத்தானே வந்தேன்.

சம்பந்தம்: நாலு வருசமா இந்த முதியோர் இல்லத்துல மொத ஆளா தட்டத் தூக்கிட்டு நிக்கிறது யாரு? பட்டினத்து நெய்னா முகம்மது. இன்னிக்கு உனக்குப் பிடிச்ச இடியாப்பம், தேங்காப்பால். நீ என்னடான்னா கைய மடியில வச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்கே.

நெய்னா: பல்லு வலிக்குது.

சம்பந்தம்: எந்தப் பல்லு?

நெய்னா: கடவாப்பல்லு.

சம்பந்தம்: அதப் போன வருசமே பிடுங்கியாச்சு. நாந்தான் ஆட்டோல கூட்டிட்டுப் போனேன்.

நெய்னா: ...பக்கத்துப் பல்லு.

சம்பந்தம்: இடியாப்பத்துக்குப் பல்லு எதுக்குய்யா?

நெய்னா: சுகர் வேற ஏறிக் கிடக்கு.

சம்பந்தம்: நேத்துதானே நர்ஸ் பாத்துட்டு நூத்திப்பதினெட்டுன்னாங்க? இல்லம் முழுக்கத் தண்டோரா போட்டது நீதானே?

நெய்னா: உனக்கு ஒண்ணுமே மறக்காதா?

சம்பந்தம்: பேச்ச மாத்தாத. பத்து மணிக்கு சிவப்ரியா வந்துருவா. எம்பொண்ணு வந்தா கார்ல ஏத்திட்டுதான் மறுவேலை பாப்பா. அதுக்குள்ள ரெண்டு பேரும் சேந்து சாப்பிடுவோம்.

நெய்னா: தெரியும். காலையிலேர்ந்து அஞ்சு தரம் சொல்லிட்டே.

சம்பந்தம்: ஒரு மாசந்தான். ஓசூர்ல முட்டிக்கு வைத்தியம் பாத்துட்டு ஓடி வந்துருவேன்.

நெய்னா: ம்... ஓடி வருவே. அந்த முட்டிய வச்சிக்கிட்டு.

சம்பந்தம்: கிண்டல் போதும். சாப்பிடு.

நெய்னா: ஆமா, இத யாருய்யா பிழிஞ்சது? ஒண்ணு அரசலாறு மாதிரி வளைஞ்சு போவுது. இது என்னடான்னா நண்டு மாதிரி கால நீட்டிக்கிட்டுக் கிடக்கு.

சம்பந்தம்: வாயில போட்டுப் பாரு. ருசியில கோணல் இருக்காது.

நெய்னா: காசியம்மா கையில இப்புடி வராதே... காசியம்மா! கொஞ்சம் இங்க வாங்க.

காசியம்மா: என்ன பாய்?

நெய்னா: சமையலுக்குப் புது ஆளு போட்டிருக்கீங்களா?

சம்பந்தம்: காசி, நீ போய் அடுப்பப் பாரும்மா.

காசியம்மா: நான் பிழியல பாய். ஐயாதான்...

சம்பந்தம்: உன்கிட்ட என்ன சொன்னேன்?

காசியம்மா: சொல்லக் கூடாதுன்னுதான் சொன்னீங்க. அதுக்காக இவரு இவ்வளவு கேலி பண்ணுனா கேட்டுக்கிட்டு நிக்கணுமா? இன்னிக்கு எல்லாருக்கும் உப்புமாதான் பாய். அஞ்சரை மணிக்கே ஐயா மாவு, தேங்காயெல்லாம் தூக்கிக்கிட்டு வந்துட்டாரு. நான் பிசைஞ்சு குடுத்தேன். பிழியறது நாந்தான்னு ஒத்தக்கால்ல நின்னாரு.

நெய்னா: ...நீயா பிழிஞ்சே?

சம்பந்தம்: நல்லால்லேன்னா வச்சிரு.

நெய்னா: உன் ஊரு குரும்பகரத்துல இருந்தவரைக்கும் ஒரு காப்பியாவது போட்டிருக்கியாய்யா நீ?

சம்பந்தம்: எம்பொண்டாட்டி வடிவாம்பா என்னை அடுப்படிக்குள்ளயே விட்டதில்ல. உனக்குப் பிடிக்குமேன்னு... சரி, போவட்டும். காசி, எடுத்துட்டுப் போம்மா.

நெய்னா: தட்டுல கை வைக்காதீங்க காசியம்மா! சம்பந்தம், பால ஊத்து.

சம்பந்தம்: எனக்காக ஒண்ணும் திங்க வேணாம்.

நெய்னா: ஊத்துய்யா... இன்னும் கொஞ்சம். சக்கரையப் போடு.

சம்பந்தம்: சுகரு?

நெய்னா: நூத்திப்பதினெட்டுதான். போடு.

சம்பந்தம்: ...எப்புடி இருக்கு?

நெய்னா: பேசாத. இரு.

சம்பந்தம்: உப்பு கம்மியா?

நெய்னா: பேசாதங்கறேன்ல? ...இன்னும் ரெண்டு வை.

சம்பந்தம்: ஏன்யா கண்ணு கலங்குது?

நெய்னா: நல்லாருக்குய்யா... அவ்வளவு நல்லாருக்கு. நீ இல்லாம இந்த மேசையில எப்புடி உட்காரப் போறேன்னு தெரியல.

சம்பந்தம்: நெய்னா... ஒரு மாசம்னு சொன்னது பொய்யி. ரூம ஒப்படைச்சுட்டேன். இனிமே தனியா விட முடியாதுங்கறா சிவப்ரியா.

நெய்னா: தெரியும். நேத்து உன் அலமாரிய வண்டியில ஏத்துனாங்களே, மாடியிலேர்ந்து பாத்தேன்.

சம்பந்தம்: பாத்துட்டு சும்மாவா இருந்தே?

நெய்னா: நீ ஒரு மாசம்னே. நானும் ஒரு மாசம்னே வச்சிக்கிட்டேன்.

காசியம்மா: பாய், ஒண்ணு கேக்கணும்... நேத்து சாப்பாட்டுச் சீட்டுல இன்னிக்குக் காலையிலயும் வேணாம், மத்தியானமும் வேணாம்னு எழுதியிருந்தீங்க. சாயங்காலம் பாங்கு நேரத்துக்குக் கஞ்சி போதும்னு. இப்ப மத்தியானத்துக்கு உங்களுக்கும் சேத்து உலை வைக்கவா?

நெய்னா: அத அப்புறம் பேசிக்கலாம் காசியம்மா...

சம்பந்தம்: இரு இரு. பாங்கு நேரத்துக்குக் கஞ்சியா? ரம்ஜான் பெருநாள் முடிஞ்சுதான் இருபது நாளாச்சே... யோவ்! பெருநாளைக்கு அப்புறம் வைப்பீங்களே, அந்த ஆறு நோன்பா?

நெய்னா: அஞ்சு, எம்மவன் ஃபயாஸ் வீட்டுக்குப் போனப்பவே முடிச்சேன். இது ஆறாவது.

சம்பந்தம்: அடப்பாவி! பல்லு, சுகருன்னு அளந்து விட்டியே, ஒரு வார்த்த சொல்லியிருந்தா தட்ட நீட்டியிருப்பேனா? உன் நோன்ப முறிச்ச பாவம் எனக்குல்ல வந்து சேரும்?

நெய்னா: ஒரு பாவமும் வராது. இது நாமளா விரும்பி வைக்கிற நோன்பு, பெருநாள் மாசம் முடிய இன்னும் ஒரு வாரம் கிடக்கு, நாளைக்கு வச்சிக்குவேன். நீ பிழிஞ்ச இடியாப்பத்துக்கு நாளைக்கு நான் எங்கய்யா போவேன்?