நேரெதிர் மேசை

நாற்காலிகளை ஏன் சுவரோரமாகவே போடுகிறோம் என்று கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. நல்ல கேள்வி. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் எதிர்ப்பக்கம். எங்கள் புவெனஸ் ஐரிஸ் அரங்குகளில் டாங்கோ ஆட யாரும் வாயால் அழைப்பதில்லை. ஆண் பார்ப்பார். பெண்ணும் பார்த்தால் தலையசைப்பார், இருவரும் எழுவார்கள். விருப்பமில்லாதவர் கண்ணைத் திருப்பிக்கொள்வார். இதனால் யாருக்கும் அவமானமில்லை என்பார்கள்.

எவரிஸ்தோ என்னைக் கண்டால் கண்ணைத் திருப்பிக்கொள்வார். பல வருடங்களாக. ஒரு பாட்டு நேரம் அவர் நெஞ்சில் சாய்ந்து ஆட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. அவர் பார்வையோ ஓரத்து மேசை நேலிடாவிடம் போகும்.

"ஹெர்மீனியா, உன் டான்ஸ் செருப்பைக் கடையில திருப்பிக் குடுடி. புதுசுன்னு வாங்கிப்பான்" என்பாள் அவள். நல்ல நகைச்சுவை. நானும் சிரித்தேன்.

பகலில் நான் மருந்துக்கடை நடத்துகிறேன். ஒருநாள் எவரிஸ்தோ வந்தார். "சிகரெட் புகையில கண்ணு மிளகாப்பழமா ஆயிடுச்சு அம்மணி. குடிகாரக் கண்ணுன்னு நேலிடா கிண்டல் பண்றா."

சொட்டு மருந்து கொடுத்தேன். சிவப்பு உடனே போனது. அதைச் சில நாட்கள்தான் போடலாம். மாதக்கணக்கில் போட்டால் சிலருக்குக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெடும். வலிக்காது. பார்வை ஓரங்களிலிருந்து உள்நோக்கிச் சுருங்கும். குழாய் வழியே பார்ப்பதுபோல, நேரெதிரே இருப்பது மட்டும் கடைசிவரை தெரியும். கண் எவ்வளவு ஒழுங்காக வேலை செய்கிறது பாருங்கள். தன் அப்பாவுக்கும் பார்வை அப்படித்தான் போனதென்று அவரே சொல்லியிருந்தார்.

எச்சரிக்கைத் தாளை எடுத்துவிட்டுப் புட்டிகளைக் கொடுத்துவந்தேன். அரங்கில் அவருக்கு நேரெதிர் மேசையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஓரங்கள் மறைந்ததும் நிறுத்திவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் மனிதர் தலையைத் திருப்பி நேலிடாவைத் தேடினார். அதை நான் யோசித்திருக்கவில்லை. ஆகவே தொடர்ந்து கொடுத்தேன்.

ஒரு மதியம் கடைக்குள் நுழைந்தவர், "என்ன அம்மணி, கரண்ட் போயிடுச்சா?" என்றார். வெளியே நல்ல வெயில்.

ஆமாம், அவர் கண்ணைப் பறித்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். போன சனிக்கிழமை அவர் தங்கை அவரைக் கைப்பிடித்து அழைத்துவந்து, பழைய இடத்தில் உட்காரவைத்தாள். நான் எதிரே இருந்தேன். பாட்டு தொடங்கியதிலிருந்து முடியும்வரை அவர் ஒருமுறைகூட என்னிடமிருந்து கண்ணைத் திருப்பவில்லை.