உயிலில் மூணாவது வரி

முனியாயி: அங்கிட்டுத் தள்ளி ஒக்காருங்கண்ணே.

வீரய்யா: கோர்ட்டு வாசல்ல நெழலுன்னு இருக்கது இந்த ஒரு மரந்தான் தங்கச்சி.

முனியாயி: செத்துப்போன எம் புருசன் பேருல பொய் உயிலு எழுதுன ஆளோட ஒரே நெழல்ல ஒக்காரணுமா நான்?

வீரய்யா: எழுதுனது நாந்தான். கையெழுத்துப் போட்டது ஒன் கொழுந்தன் மகன் நாகராசு.

முனியாயி: அத உள்ள போயி ஜட்ஜுகிட்டச் சொல்லுங்க!

வீரய்யா: கேட்டாத்தான சொல்ல முடியும்?

முனியாயி: அஞ்சு வருசம்ணே... கை கால் வெளங்காமக் கெடந்த மனுசனுக்கு ஊட்டிவிட்டது, குளிப்பாட்டுனது எல்லாம் நானு. நெலமும் வீடும் நாகராசுக்காம். நான் எங்க போறது?

வீரய்யா: தெரியும்.

முனியாயி: என்னத்தத் தெரியும்...

வீரய்யா: தூக்குச்சட்டியில என்ன, மோரா?

முனியாயி: மோருதான். ஒங்களுக்கு இல்ல.

வீரய்யா: சரி. ஒன் வக்கீலு என்ன சொல்றாரு?

முனியாயி: அத எதிராளி சாட்சிகிட்டச் சொல்லணுமாக்கும்!

வீரய்யா: சொல்லாட்டிப் போ.

முனியாயி: ...ஒண்ணும் பிடிபடலையாம். தாளும் பழசாத் தெரியுதாம்.

வீரய்யா: டீத்தண்ணியில நனச்சு வெயில்ல போட்டது.

முனியாயி: அடப்பாவி மனுசா!

வீரய்யா: என்ன தேதி போட்டிருக்கு?

முனியாயி: எழுதுனவருக்குத் தெரியாதா? நாப்பத்தாறு, ஆடி மாசம். அவருக்குக் கை விழுந்தது நாப்பத்தேழுல. அதுக்கு முந்துன தேதின்னாத்தான அவரு கையெழுத்துன்னு நம்புவாங்க? வெவரமாத்தான் எழுதியிருக்கீங்க.

வீரய்யா: வெவரமாத்தான். நாப்பத்தாறுல நம்ம வல்லத்திராக்கோட்டைய யாரு ஆண்டா?

முனியாயி: இதென்ன கேள்வி? ராசாதான். புதுக்கோட்டை சமஸ்தானம். ரெண்டு வருசம் கழிச்சுத்தான நம்மளத் திருச்சி ஜில்லாவுல சேத்தாங்க.

வீரய்யா: உயில்ல மூணாவது வரி ஞாவகம் இருக்கா?

முனியாயி: வக்கீலு வாசிச்சு வாசிச்சு எனக்கே மனப்பாடமாயிருச்சு. 'திருச்சி ஜில்லா, ஆலங்குடி தாலுகா, வல்லத்திராக்கோட்டையில் இருக்கும்...'

வீரய்யா: ம்.

முனியாயி: அண்ணே... நாப்பத்தாறுல ஏதுண்ணே திருச்சி ஜில்லா?

வீரய்யா: மெதுவா. நாகராசு அந்தா வெத்தலக் கடையில நிக்கிறான்.

முனியாயி: இது வக்கீலு கண்ணுல படலையா?

வீரய்யா: அவரு திருச்சிக்காரரு. பொறந்ததுலேருந்து அவருக்குத் திருச்சி ஜில்லாதான். எப்புடிப் படும்?

முனியாயி: முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல! ஆறு மாசமா சோறு எறங்கல எனக்கு.

வீரய்யா: சொல்லியிருந்தா நாகராசுக்கு எட்டியிருக்கும், வேற தாளுல மாத்தி எழுதியிருப்பான். இப்பக் கோர்ட்டுல குடுத்தாச்சு. இனிமே மாத்த முடியாது.

முனியாயி: மத்தியானம் கூண்டுல ஏறி என்ன சொல்லுவீங்க?

வீரய்யா: மூணாவது வரியக் கேக்கச் சொல்லு. போன வருசம் எழுதுனதுன்னு சொல்லுவேன்.

முனியாயி: ஒங்களப் புடிச்சு உள்ள போட்டுற மாட்டாங்களா?

வீரய்யா: போடுவாங்க.

முனியாயி: இருபது வருசமாப் பத்திரம் எழுதுறீங்க, ஒரு எழுத்து தப்புனதில்ல... எழுத முடியாதுன்னு அன்னைக்கே அவனத் தொரத்தியிருக்கலாமேண்ணே?

வீரய்யா: ஆலங்குடிக்குப் போயிருப்பான். அங்க உள்ளவன் சரியா எழுதிக் குடுத்திருப்பான்.