பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?

— பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?

— ஆரம்பிச்சிருச்சுங்க ஜெயசீலி. இதான் பாட்டு.

— இதா? லாரி ஒண்ணு வாசல்ல நின்னுகிட்டு உறுமுற மாதிரில்ல இருக்கு.

— கிடார்தாங்க. கம்பியத் தளத்தி வெச்சு, மெதுவா வாசிக்கிறாங்க. கப்பல்ல வேல பாக்குற ஃப்ரெண்டு குடுத்த கேசட். பாருங்க, மொத தடவ கேட்டப்ப எனக்கே தலவலி வந்துச்சு.

— அப்புறம் எதுக்குத் திரும்பக் கேட்டீங்க?

— ஏய் ஜெயா! இன்னாடி சத்தம் அது, கிரைண்டர் ஓடுறாப்ல? லோ வோல்டேஜா, பாட்டு இழுக்குது? ஸ்டெபிலைசர் போடட்டா?

— வேணாம் பேபி அத்த! பாட்டே இப்படித்தானாம்.

— இன்னா பாட்டோ! பேஜாரா கீது. கதவ சாத்திக்கினு கேசட் கேக்கவா உள்ள அனுப்புனோம்? மாப்ள ரத்தினத்தோட வூட்டுக்காரங்க ஹால்ல உன் பதில் கேக்கக் குந்திகினு கீறாங்க. பஜ்ஜி ஆறிப்போவுது. சீக்கிரம் பேசி முடிங்க!

— சாரிங்க. பொண்ணு பாக்க வந்த எடத்துல கேசட்டோட வந்து நிக்கிறேன். பாருங்க, ஆபீஸ் விட்டு வந்தா தெனமும் இதான் கேப்பேன். எங்க அம்மாவே காதப் பொத்திகிட்டு பின்பக்கம் போயிடுவாங்க. கல்யாணத்துக்கு அப்புறம் தெரிஞ்சு நீங்க கஷ்டப்படக் கூடாது. முன்ன பாத்த எடத்துல இதக் கேட்டதும் வேணாம்னுட்டாங்க. உங்களுக்கும் தாங்காதுன்னா இப்பவே சொல்லிடுங்க.

— இது மாறவே மாறாதா?

— மாறும். ஆனா அடுத்து என்ன வரும்னு காத்துகிட்டே இருந்தா எரிச்சல்தான் வரும். காத்துகிட்டிருக்கிறத விட்டுட்டா, பாருங்க... எனக்குச் சொல்லத் தெரியலங்க.

— கட்டில் அதிருது. கை வெச்சா தெரியுது.

— சவுண்டக் கொறைக்கட்டுமா?

— வேணாம். கொஞ்ச நேரம் பேசாம இருங்களேன்.

— சரிங்க.

— இப்ப மேல ஃப்ளைட் போச்சா?

— போச்சே. பல்லாவரத்துல உங்க வீட்டுக்கு நேர் மேலதான் போச்சு.

— எனக்குத் தெரியவே இல்ல.

— என்னங்க... அழறீங்களா? ஐயோ, நிறுத்திடறேன்.

— நிறுத்தாதீங்க. நல்லாத்தான் இருக்கேன். ஆபீஸ்ல சீக்கிரம் டைப் அடிங்கிறாங்க. வீட்ல சீக்கிரம் சரின்னு சொல்லுங்கிறாங்க. அம்மா போனதுக்கு அழுதப்பக்கூட, போதும், கண்ணத் தொடைன்னாங்க. இது ஒண்ணுதான் என்னைய எதுக்கும் அவசரப்படுத்தல.

— இப்படி ஒருத்தர் சொல்லி நான் கேட்டதே இல்லங்க. எனக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கு.

— அடியே ஜெயா! சரியா, இல்லியா? ஒரு வார்த்த சொல்றதுக்கு இம்மா நேரமாடி?

— கேசட் ஒரு பக்கம் முடிஞ்சு நின்னுடுச்சு. உங்க அத்த கேக்குறாங்க. என்ன சொல்லட்டுங்க?

— உங்களப் புடிக்கலன்னு சொல்ல, காலையிலேருந்து மனப்பாடம் பண்ணிகிட்டுத்தாங்க இந்த ரூமுக்குள்ள வந்தேன். கேசட்டத் திருப்பி அந்தப் பக்கத்தையும் போடுங்க.