தம்பி மூடச் சொன்ன கிணறு

பழைய டிராக்டருக்குக் காலையில் கொஞ்சம் மரியாதை செய்ய வேண்டும், ஐயா. டீசல் குழாயில் காற்று புகுந்திருந்தால் எடுக்க வேண்டும், மூட்டுக்கு மூட்டு கிரீஸ் அடிக்க வேண்டும். இவ்வளவு செய்தாலும் செல்ஃப் எடுக்காது. மேட்டில் நிறுத்தி உருட்டித்தான் கிளப்புவேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நான் பிந்தினால் பங்குச் சாமியாரே காரணம் கேட்க மாட்டார்.

என் தம்பி ஜெரால்டு குவைத்துக்குப் போனதிலிருந்து வண்டி என் கையில்தான் இருந்தது. முன்னால் மண் தள்ளும் தகடு மாட்டி, ஒரத்தநாட்டைச் சுற்றி எத்தனையோ வயல்களை மனையாக்கினேன். வெளிநாடு போனவர்கள் எல்லோரும் வீடு கட்டிக்கொண்டிருந்த நேரம்.

இந்தச் சித்திரையில் தம்பி திரும்பி வந்தான். கறுப்புக் கண்ணாடி, இடுப்பில் செல்போன். அவன் போட்டிருந்த அத்தருக்கு எங்கள் நாய் தும்மியது. ஊருக்கு வெளியே வாங்கிய மனையில் ஒரு வறண்ட கிணறு. அதை மூடச் சொன்னான்.

"மூடி முடிச்சதும் வண்டிய இரும்புக் கடைக்காரன் எடுத்துக்குவான். சொல்லிட்டேன்."

"என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேடா."

"வண்டி என் பேர்லதானே இருக்கு? உன்னைய விட்ருவனா? புது வீட்டுக்கு வாட்ச்மேனா இரு."

நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். கோபமெல்லாம் இல்லை.

பாதி தூர்ந்திருந்தபோது அவன் எட்டிப் பார்த்தான். கண்ணாடி உள்ளே விழுந்துவிட்டது. பக்கத்துத் தென்னையில் கயிறு கட்டி இறங்கினான். "வண்டிய ஆஃப் பண்ணுண்ணே" என்று கீழேயிருந்து கத்தினான். ஆஃப் செய்தால் அந்தச் சமதரையில் மறுபடி யார் கிளப்புவது? கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி ஓரமாக வைத்தேன். நல்ல கயிறு, மண்ணோடு போனால் வீண். பிறகு கியர் போட்டேன்.

முதலில் திட்டினான். அடுத்த தள்ளலில், "அண்ணே, வண்டிய நீயே வச்சுக்கண்ணே" என்றான். எஞ்சின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை என்று நேற்று ஸ்டேஷனில் உங்களிடம் சொன்னது பொய். நன்றாகவே கேட்டது.

மட்டம் பார்த்து, மேடு பள்ளம் இல்லாமல் முடித்தேன். அவன் மனைவி பிரின்ஸி சோற்றுத் தூக்கோடு வந்தாள்.

"அவங்க எங்க, மாமா?"

"தஞ்சாவூருக்குப் பஸ் ஏறிட்டான்மா" என்றேன். அந்த மண்மேல் நின்றுதான் கேட்டாள். சோற்றை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனாள். சாப்பிட்டேன்.

ஐயா, கிணற்றை மூடச் சொன்னது அவன். வண்டியை நீயே வைத்துக்கொள் என்றதும் அவன்தான். தம்பி பேச்சை நான் ஒருநாளும் தட்டியதில்லை.