காற்றுக்கு வழி வெட்டிய அக்காவுக்கு

பந்தய இன்ஜின் பட்டறையிலிருந்து இன்று பணி நிறைவு பெறும் எங்கள் அக்காவுக்கு, உடன் உழைத்தோர் அனைவரும் கூடிப் படித்தளிக்கும் பாராட்டு மடல்

உலோகத்தின் உள்ளம் உணர்ந்தவரே! காற்றின் கால்தடம் கண்டவரே! கண்ணுக்குப் புலப்படாத ஒன்றைக் காதால் அளந்து கையால் செதுக்கியவரே! தலைக்கனம் என்பதே தலைகாட்டாத தன்மையரே, ஆயினும் தலைமுறை தலைமுறையாய் வந்த இன்ஜின்களின் தலைக்கனத்தைக் குறைத்தவரே! எங்கள் அன்புக்கும் அச்சத்துக்கும் ஒருங்கே உரிய அக்கா அவர்களே! வணக்கம்.

உங்கள் பெருமையை உங்களிடமே சொன்னால், "போதும், போய் வேலையைப் பாருங்க" என்று பாதியிலேயே எழுந்துவிடுவீர்கள். ஆகவே மடலை உங்கள் கையில் தருகிறோம். கதையை அவைக்குச் சொல்கிறோம். இடையே மறுத்துப் பேச உங்களுக்கு உரிமையில்லை. மாலை மணி அடித்துவிட்டது. இனி நீங்கள் எங்கள் மேலதிகாரி அல்லீர்.

அவையோரே! இன்று குடும்பத்தோடு வந்திருப்பவர்களில் பலருக்கு அக்கா செய்த வேலை என்னவென்று தெரிந்திருக்காது. எங்கள் வெல்டரின் மனைவியே, "அந்த அம்மா ஏதோ தலை சீவுறாங்களாமே, பார்லரா?" என்று கேட்டவர்தாம். இன்ஜினின் மேல்மூடிக்கு சிலிண்டர் ஹெட் என்று பெயர். பட்டறையில் நாங்கள் அதைத் தலை என்றே சொல்வோம். காற்று உள்ளே போவதும் புகை வெளியே வருவதும் அதன் வழியாகத்தான். மனிதனுக்கு மூக்கு எப்படியோ, இன்ஜினுக்குத் தலை அப்படி. கால் மைல் பந்தயத்தில் பச்சை விளக்கு எரிந்ததும் இரண்டு வண்டிகள் பாயும்; ஏழு விநாடியில் எல்லாம் முடிந்துவிடும். அந்த ஏழு விநாடியில் யார் அதிகம் மூச்சிழுக்கிறாரோ அவரே வென்றவர். அந்த மூச்சுக்கு வழி வெட்டுவதே அக்காவின் வேலை. மற்றவர்களின் தலையெழுத்தை எவர் எழுதினாரோ அறியோம். எங்கள் இன்ஜின்களின் தலையெழுத்தை எழுதியவர் இவரே.

பட்டறையின் பின்கோடியில், நீலக்கதவு போட்ட சின்ன அறை அவருடையது. நடுவே காற்றிழுக்கும் மேசை. தலையை அதன்மேல் பூட்டி விசையைத் தட்டினால், அறையே பெருமூச்சு விடும். மெல்லிய கம்பியின் நுனியில் ஒரு நூலைக் கட்டி, காற்றுவழிக்குள் நுழைத்துப் பார்ப்பார் அக்கா. நூல் சீராக நின்றால் காற்றுக்குச் சுகம். படபடத்தால் எங்கோ முட்டுகிறது. "பஸ் வேகமா திரும்பினா நிக்கிறவங்க என்ன ஆவாங்க? காத்தும் அப்படித்தான். வளைவுல பிடிமானம் இல்லன்னா தூக்கி எறிஞ்சிரும்" என்பார். பிறகு களிமண்ணை அப்பி வளைவை மாற்றி, மறுபடி நூல். மனம் நிறைந்தபின்தான் அரைக்கும் கருவி கையில் ஏறும். அலுமினியத் தூள் தலைமயிரில் படிந்து, நரை வருமுன்னே நரைத்தவர் அவர்.

ஆனால் எந்த மேசையும் சொல்லாததைச் சொல்ல, அவருக்கு அந்நாளில் ஒருவர் இருந்தார். அவருடைய தம்பி.

எங்கள் அணியின் வண்டியை ஓட்டியவர் அந்தத் தம்பிதான். அம்மா இறந்தபோது கையில் பிடித்துக்கொண்டு வந்த பிள்ளையை, அக்கா தாய்க்குத் தாயாய் வளர்த்தார். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் தலைக்கவசத்தைக் கழற்றக்கூட நேரமில்லாமல் ஓடி வருவார் தம்பி. "மூணாவது கியர்ல மேல போகும்போது மூச்சு முட்டுதுக்கா. கழுத்தைப் பிடிச்ச மாதிரி இருக்கு" என்பார். அக்கா தலையாட்டுவார், மறுநாள் நீலக்கதவு சாத்திக்கொள்ளும், மறுவாரம் வண்டி பறக்கும். ஒருவர் மூச்சு, ஒருவர் காது. ஊர் கண் பட்டுவிடும் என்று நாங்களே பேசிக்கொண்டோம். பட்டது.

அந்த ஆண்டின் கடைசிப் பந்தயம். அதற்காக அக்கா புதிதாய் வெட்டிய தலைகள், அதுவரை எந்தத் தலையும் இழுக்காத காற்றை இழுத்தன. அரையிறுதியில் தம்பி எதிராளியை வெகுதூரம் பின்னே விட்டு வந்தார். கோப்பையில் கை வைப்பது ஒன்றுதான் பாக்கி. வழக்கம்போல் அக்கா விளக்கைப் பிடித்துக் காற்றுவழிக்குள் எட்டிப் பார்த்தார். காய்ந்திருக்க வேண்டிய சுவரில் எண்ணெய் மினுமினுத்தது. காற்றுக்காக அரைத்து அரைத்துச் சுவர் மெலிந்த இடத்தில் மயிரிழை போல ஒரு விரிசல்.

"இன்னும் ஒரே ஓட்டம்க்கா. ஏழு செகண்டு. அதுக்குள்ள என்ன ஆயிடும்?"

"ஏழு செகண்டுலதான்டா எல்லாமே ஆகும்."

"ஓட்டப்போறது நான். என் உயிரு."

"உன் உயிருன்னு உனக்கு யார் சொன்னது?"

அக்கா வால்வுகளை இயக்கும் தண்டைக் கழற்றித் தம் பைக்குள் போட்டுக்கொண்டு, பையை மடியில் வைத்து உட்கார்ந்துவிட்டார். இறுதிப் பந்தயத்தில் எதிராளி தனியாக ஓடிக் கோப்பையை வாங்கினார். எங்கள் பாதை காலியாகக் கிடந்தது. தம்பி கத்தவில்லை, கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். கையுறைகளைக் கழற்றி மேசைமேல் வைத்தார், யாரையும் பார்க்காமல் நடந்தார். அடுத்த மாதமே கடல் தாண்டிய ஓர் அணியில் சேர்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டோம். அக்கா போட்ட போன்களை அவர் எடுக்கவேயில்லை. பிறகு எண்ணும் மாறிவிட்டது.

அந்த விரிசல் விழுந்த தலையைச் சோதனை மேடையில் பூட்டி ஓட்டிப் பார்க்கலாமே என்று மேனேஜர் ஒருநாள் கேட்டார். "ஓட்டினா தெரிஞ்சிடும்ல அக்கா, நீங்க செஞ்சது சரின்னு?"

"வெடிச்சா எனக்குச் சந்தோஷமா இருந்துடுமோன்னு பயமா இருக்கு சார்" என்றார் அக்கா. "வெடிக்கலன்னா அவன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்?" அந்தத் தலை உருக்கும் உலைக்குப் போய்விட்டது. பேச்சும் அதோடு நின்றது.

பேச்சுத்தான் நின்றது. அந்தத் தம்பியின் பந்தயங்கள் இணையத்தில் ஓடும் நாளெல்லாம் ஸ்டோர் அறைக் கம்ப்யூட்டர் முன்னால் அக்கா வந்து உட்காருவார். வண்டி கிளம்பும்போது கண்ணை மூடிக்கொள்வார். பயத்தால் என்றுதான் முதலில் நினைத்தோம். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். ஓட்டம் முடிந்ததும், "காத்து நுழையற வாசலை அகலப்படுத்தியிருக்காங்க, தொண்டையை மறந்துட்டாங்க" என்று தமக்குத்தாமே முணுமுணுத்தபடி எழுந்து போவார்.

பின்னொரு நாள் நீலக்கதவு அறைக்கு காற்றுவழி இன்னும் வெட்டாத ஒரு ஜோடி வெற்றுத் தலைகள் வந்து இறங்கின. எங்கள் வண்டிகள் எதற்கும் பொருந்தாதவை. அலுவல் முடிந்தபின் அக்கா அவற்றை வெட்டத் தொடங்கினார். பந்தயத்துக்குப் பந்தயம் காதில் விழுந்ததை வைத்து வெட்டுவார். பிறகு பிடிக்காமல், "இந்த இடத்தை நிரப்பிக் குடுப்பா" என்று வெல்டரிடம் நீட்டுவார். வெல்டர் நிரப்புவார், அக்கா மறுபடி வெட்டுவார்.

"எந்த இன்ஜினுக்குக்கா இது?" என்றார் வெல்டர் ஒருமுறை, தெரிந்துகொண்டே.

"எந்த இன்ஜினுக்கும் இல்ல. கை சும்மா இருக்க மாட்டேங்குது."

சும்மா இராத அந்தக் கையை ஆண்டுக்கணக்கில் பார்த்தோம் நாங்கள். பெற்றவள் பிள்ளைக்கு அளவு தெரியாமல் சட்டை தைப்பதுபோல், பாராத இன்ஜினுக்குக் குரலை மட்டும் வைத்துத் தலை செய்த கையது. ஏக்கத்துக்கு உருவம் உண்டென்றால் அது அலுமினியத்தில்தான் இருக்கும் என்று அன்று எங்களுக்குத் தோன்றியது.

சென்ற மழைக்காலத்தில் ஒரு முற்பகல், அலுவலக போன் அடித்தது. எடுத்தவர் மேனேஜர். "அங்க ஹெட் வேலை பாக்கறவங்க இருக்காங்களா? ஒரு சந்தேகம் கேக்கணும்" என்றது குரல். பெயர் சொல்லவில்லை. மேனேஜருக்குக் குரல் பிடிபட்டுவிட்டது. ஒன்றும் சொல்லாமல் அக்காவைக் கூப்பிட்டு போனைக் கொடுத்துவிட்டு, மரியாதையாக வெளியே போகாமல் அங்கேயே நின்றுகொண்டார். அதனால்தான் இதெல்லாம் எங்களுக்குத் தெரியும்.

"ஒரு வண்டி... மேல போகும்போது மூச்சு முட்டுது" என்றது போன்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "மூணாவது கியர்லயா?"

"ஆமா."

"கியர் மாத்தினதும் சின்னதா ஒரு இருமல் வருதா?"

"எப்படித் தெரியும்?"

"கேட்டுட்டுதான்டா இருக்கேன்."

எத்தனை ஆண்டுச் சுமை அந்த ஒரு வரியில் இறங்கிற்று என்பதை அளக்க எங்கள் பட்டறையில் கருவி இல்லை. பிறகு தம்பி சொன்னார்: இந்த ஆண்டோடு ஓட்டுவதை நிறுத்தப் போகிறார், அங்கே போனபின் ஒரு கோப்பைகூடக் கைக்கு எட்டவில்லை, புதுத் தலை செய்ய இனி நாளும் இல்லை.

"ஒரு ஜோடி ரெடியா இருக்கு" என்றார் அக்கா.

"எந்த இன்ஜினுக்கு?"

"உன்னோடதுக்கு."

அனுப்புவதற்கு முன் மேசையில் கடைசியாக ஒருமுறை பூட்டிப் பார்த்தார். நன்றாகவே இழுத்தது. ஆனால் ஒரே ஓர் இடத்தில், பழைய தலையில் விரிசல் விழுந்த அதே இடத்தில், சுவரை இன்னும் கொஞ்சம் மெலியச் செய்தால் இன்னும் காற்று வரும் என்று நூல் சொன்னது. கோப்பைக்கும் தம்பிக்கும் நடுவே நின்றது அந்தச் சுவர்தான். அன்று பிற்பகல் முழுவதும் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார் அக்கா. தேநீர் கொண்டுபோன வெல்டர், ஆறிப்போன கோப்பையோடு திரும்பி வந்தார். சாயங்காலம் அக்கா கருவியைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, அலுவலக போனிலிருந்து தாமே தம்பியைக் கூப்பிட்டார்.

"கொஞ்சம் காத்தை விட்டுக்குடுத்துட்டேன்டா. அந்தச் சுவரைத் தொடல. இப்பவே சொல்லிடறேன், அப்புறம் கோவிச்சுக்காதே."

"தெரியும்க்கா" என்றார் தம்பி. "நீ தொட மாட்டே. அதனாலதான் உன்னைக் கேட்டேன்."

அக்கா என்ற சொல்லை அவர் திரும்பச் சொன்னது அன்றுதான். போனை வைத்துவிட்டு அக்கா நேரே குழாயடிக்குப் போய் முகம் கழுவினார். அலுமினியத் தூள் கண்ணில் விழுந்துவிட்டது என்றார். அன்று அறையில் தூளே பறக்கவில்லை. நாங்களும் ஆமாம் போட்டோம்.

பந்தயத்தன்று ஸ்டோர் அறையில் எள் விழ இடமில்லை. தம்பி இறுதிச் சுற்றுவரை வந்தார். பச்சை விளக்கு எரிந்தது. வண்டி இருமவில்லை, திணறவில்லை. முதலிலிருந்து முடிவுவரை ஒரே நீண்ட மூச்சாகப் போயிற்று. ஆனாலும் எதிராளியின் வண்டி ஒரு மூக்களவு முந்திவிட்டது. நாங்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்தோம். அக்கா மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் அவருடைய போன் அடித்தது.

"தோத்துட்டேன்க்கா."

"பார்த்தேன்."

"என் வாழ்க்கையில இவ்வளவு வேகமா நான் போனதே இல்ல." பிறகு தயங்கி, "அன்னிக்கு அந்தத் தலை... தாங்கியிருக்குமா?"

"தெரியலடா. சத்தியமா எனக்குத் தெரியல."

"சரி, விடு" என்றார் தம்பி. பிறகு, "வர்றியா?" என்றார்.

அந்த ஒரு சொல்லுக்குத்தான் அக்கா டிக்கெட் எடுத்திருக்கிறார். நாளை காலை விமானம்.

அக்கா அவர்களே! கதை முடிந்தது; இனி உங்களோடுதான் பேச்சு. உங்களைப் போகாதீர்கள் என்று சொல்ல எங்களுக்கு வாயில்லை. போய் வாருங்கள் என்று சொல்ல மனமில்லை. நாளை முதல் நீலக்கதவைத் தட்டிவிட்டுக் காத்திருக்கும் பழக்கம் எங்களை விடாது. ஒரு தலை சரியில்லையென்றால் திட்டுவதற்கு ஆளின்றித் திண்டாடப் போகிறோம். நீங்கள் செதுக்கிய தலைகள் எங்கள் வண்டிகளில் இருக்கின்றன. அவை மூச்சு வாங்கும்போதெல்லாம் எங்களுக்கு மூச்சு நிற்கும்.

குறையாத உடல்நலமும் குன்றாத செவியும் கொண்டு, நெடுங்காலம் நிறைவாக வாழுங்கள். இத்தனை ஆண்டும் திரையில் தலைக்கவசத்துக்குள் மறைந்திருந்த அந்த முகம், நாளை விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் வெறுந்தலையோடு நிற்கட்டும். நரைத்திருந்தால் நரைத்திருக்கட்டும். கூட்டத்தில் நீங்கள் தேடுமுன் அவர் உங்களைக் கண்டுகொள்ளட்டும்.

என்றும் உங்கள் அன்பில்,
மேனேஜர், வெல்டர், ஸ்டோர்க்காரர், மற்றும் பட்டறைப் பணியாளர் அனைவரும்