என் தம்பியின் முழங்கால்

பாரிஸில் ரூ காய் தெருவில் இருக்கும் என் கடைக்கு உறைமீன் வாங்க வருகிறவர்கள் முதலில் சுவரில் மாட்டியிருக்கும் என் படத்தைத்தான் பார்ப்பார்கள். ஐஸ் ஹொக்கியில் பல வருடம் சம்பளத்துக்கு விளையாடியவன் நான். தடுப்பாட்டக்காரன். கோல் அடிப்பது என் வேலையில்லை. அடிக்க வருகிறவனை ஐஸ் தளத்தின் சுற்றுப் பலகையோடு சேர்த்து நசுக்குவதுதான் வேலை. முதுகு போனபிறகு மீன் வியாபாரத்தில் இறங்கினேன்.

பொலிஸ் ஐயா, நீங்கள் தம்பி படியில் விழுந்ததை மட்டும்தான் கேட்கிறீர்கள். நான் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன்.

தம்பி சேந்தனுக்கு ஐஸில் சறுக்கப் பழக்கியதே நான்தான். முன்வரிசையில் ஆடினான், நன்றாக ஆடினான். போன வருடம் சுவிஸ் கிளப் ஒன்று அவனைக் கேட்டது. அடுத்த நாள் ஜெகதீஸ்வரி அக்கா விளைமீன் நிறுக்கச் சொல்லிவிட்டு, "எங்கை தம்பியின்ரை படம்? உன்ரை பழசாப் போச்சு, கழட்டடா" என்றார். கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். அவன் பூஞ்சை உடம்புக்காரன், அங்கே அவனை உடைத்துப் போட்டிருப்பார்கள்.

அதனால் பயிற்சிக்குப் போனபோது சுற்றுப் பலகையில் இருக்கும் கதவின் கொளுக்கியை நானே கழற்றிவிட்டு, அவனை அதில் கொண்டுபோய் மோதவிட்டேன். கதவு திறந்து, முழங்கால் கதவுக் கம்பத்தில் அடிபட்டது.

"ஆரோ பூட்ட மறந்திட்டாங்கள் அண்ணை" என்று அழுதான்.

"ஓமடா" என்றேன்.

ஆட முடியாமல் போனவனைக் கடையில் கல்லாவில் இருத்தினேன். சாப்பாடு, மருந்து எல்லாம் நான்தான். இப்படியொரு அண்ணனா என்று சனம் வாய் பிளந்தது. அந்த மாதங்களில் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம்.

போன செவ்வாய் டொக்டர் இனிச் சறுக்கலாம் என்றுவிட்டார். என் முன்னால் நின்று காலை மடக்கி மடக்கிக் காட்டினான். "சுவிஸ்காரர் இன்னும் பார்த்துக்கொண்டு இருக்கினமாம் அண்ணை!"

அன்றைக்கே நிலவறைப் படியில் மீன் கழுவின தண்ணீரை ஊற்றிவிட்டு, இறால் பெட்டி எடுத்துவரச் சொல்லி அவனை அனுப்பினேன்.

முழங்காலை மட்டும்தான் நினைத்தேன், விழுகிறபோது தலையும் படியில் அடிபடும் என்று நினைக்கவில்லை. கீழேயிருந்து "அண்ணை, அண்ணை" என்று கூப்பிட்டான். போய் நிலவறைக் கதவைச் சாத்தினேன்.

"அதென்னடா சத்தம்?" என்றார் ஜெகதீஸ்வரி அக்கா.

"றேடியோ அக்கா."

கடைசி ஆளுக்கும் மீன் வெட்டிக் கொடுத்தபிறகு இறங்கிப் போனேன். அவன் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தான். தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். சுவிசுக்குப் போயிருந்தால் அவனை இப்படிப் பார்த்துக்கொள்ள யார் இருந்திருப்பார்கள், சொல்லுங்கள் ஐயா.