அள்ள யாரும் வரவில்லை

— இரும்புப் பானையை எதுக்கு வெளியே தூக்கி வெச்சே?

— வர்றவங்க தேடி அலைய வேணாம்ல, ரிபெகா. பன்னியைக் கட்டி வெச்சுட்டேன். கம்பளி, துப்பாக்கி, எல்லாம் வாசல்லதான் கிடக்கு.

— மூணு நாளா இப்படியேவா உக்காந்திருக்கே, பராத்தேனே?

— வேற எங்க போவேன்? நாம பெத்த பொண்ணு கொதி ஊத்துல கால் வெந்து கத்துறா, அப்பன் நான் பக்கத்துல குறட்டை விட்டுக்கிட்டிருந்தேன். மிஹி உன் சனத்துக்கும் பொண்ணுதானே? உங்க அண்ணன் ஆளைக் கூட்டிட்டு வந்து, என்னை நாலு சாத்து சாத்தி, இருக்கிறதையெல்லாம் அள்ளிட்டுப் போகட்டும். அள்ளிட்டுப் போனா தப்பு தீர்ந்துச்சுங்கிறதுதானே நம்ம வழக்கம்? அப்பதானே நான் நிமிர்ந்து நடக்க முடியும்?

— அண்ணன் வரமாட்டாரு.

— ஏன்? போன வருஷம் ரேவி வெச்ச தீ இடுகாடு வரைக்கும் போச்சு. அவன் வீட்டுக்கு நாப்பது பேர் போனாங்க. ஒரு பாய் மிஞ்சலை. மறுநாள் என்ன மிதப்பா நடந்தான்! நான் அள்ளக்கூட லாயக்கில்லாதவனா? வெக்கமா இருக்கு. ஏரிக்கரைப் பக்கம் போனா பொம்பளைங்க முகத்தைத் திருப்பிக்கிறாங்க.

— எங்க சனத்துக் கூட்டத்துல எல்லாரும் வர்றதாத்தான் சொன்னாங்க. ஒருத்தர்தான் ஒத்துக்கலை. ஒருத்தர் ஒத்துக்கலைன்னா அங்க எதுவும் நகராது, தெரியும்ல?

— யாரு, உன் சித்தப்பனா? அந்தாளுக்கு என்னைக் கண்டாலே இளக்காரம்.

— நான்தான்.

— நீயா? அடிப்பாவி! ஒரு பானைக்காக என் மானத்தை வாங்கிட்டியே!

— பானைக்காக இல்லை. ரெண்டு நாள் எழுந்து எழுந்து ‘வேணாம்’னு மட்டும் சொன்னேன், அதுக்கு மேல வாய் வரலை. இன்னிக்குத்தான் சொன்னேன்.

— என்னத்தை?

— ‘புள்ளையைப் பாத்துக்கோ’ன்னு நான் சொன்னேன், நீ ‘ம்’னு சொன்னேன்னு ஊரெல்லாம் சொல்லிவெச்சேன்ல?

— ஆமா. தூக்கக் கலக்கத்துல சொல்லியிருப்பேன். எனக்குத்தான் நெனப்பில்லை.

— நீ ‘ம்’னு சொல்லலை. நான் கேக்கவே இல்லை. அவளைக் கொண்டாந்து உன் பக்கத்துல விட்டுட்டு, உன்னை எழுப்பாம இறால் பிடிக்கப் போயிட்டேன்.

— பதினஞ்சு நாளா என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே இருந்தியே, ரிபெகா!

— பாக்கலை. உன் மூஞ்சியை நான் பாக்கவே இல்லை.

— நகரு. பானையை உள்ளே வைக்கணும்.

— வைக்காதே. நாளைக்கு உன் சனம் வருது. எங்கிட்ட அள்ள.